பிளேட்டு கேட்ட காலமும் ரசிகர் பேச்சும்

ஒருவர் ஒரு முறை பாடிய பாட்டைத் தஞ்சாவூரில் இருப்பவரும் திருநெல்வேலியில் இருப்பவரும் அப்படியே கேட்டுவிட்டு, பிறகு சந்திக்கும்போது அந்தப் பாட்டின் மூன்றாவது சங்கதியைப் பற்றி வாதாடுவது, கிராமபோன் வருவதற்கு முன் நடக்க வழியில்லாத காரியம். கச்சேரி அன்றைக்கு அங்கே இருந்தவர்களோடு முடிந்துவிடும். அன்றைய தோடியைப் போல் இனி வராது என்று ஒருவர் சொன்னால் கேட்காதவர் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்; மறுத்துப் பேச அவர் கையில் ஒன்றும் கிடையாது. இசைப்பதிவு வந்ததும் கேட்டவர் சொல்லைச் சரிபார்க்க ஒரு சாட்சி கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் தமிழ் ரசிகர்களின் இசைப் பேச்சு அவ்வளவு பெருகியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன்னும் இசையைப் பற்றிய பேச்சு குறைவில்லாமல் இருந்தது. கோயில் வீதிகளில் விடிய விடிய நாகஸ்வரம் கேட்டவர்கள், மிராசுதார் வீட்டுக் கல்யாணக் கச்சேரிகளுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள், அரண்மனைகளையும் ஜமீன்களையும் அண்டியிருந்த வித்வான்கள் எல்லோரும் பாட்டை எடை போட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சில் சேர வேண்டுமானால் முதலில் அந்த இடத்துக்குள் நுழைய வேண்டும். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்தார்கள். சிறு சத்தம்கூட எழக் கூடாது என்பது அங்கே விதி. அந்த அறைக்குள் இடம் கிடைத்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் சொன்னதுதான் தனம்மாளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது. சாதி, பாலினம், வசதி ஆகிய மூன்றும் சேர்ந்து யார் கேட்கலாம், யார் கருத்துச் சொல்லலாம் என்பதைத் தீர்மானித்தன.

இந்தியாவில் முதல் கிராமபோன் பதிவுகள் 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தன. கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் அங்கே கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பதிவான மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் போய், அங்கே அச்சாகித் திரும்பி வந்தது. யார் பாடியது என்று அங்குள்ள தொழிலாளர்களுக்குத் தெரிவதற்காகப் பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். 1908இல் கல்கத்தா சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகே இந்தக் கடல் பயணம் நின்றது. அந்த முதல் பத்தாண்டிலேயே கம்பெனிக்காரர்கள் தெற்கேயும் வந்தார்கள். சேலம் கோதாவரி, தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்னம்மாள் ஆகியோரின் குரல்கள் தட்டுகளில் ஏறின.

இந்தப் பெயர்களில் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. முதலில் பதிவானவர்களில் பலர் தேவதாசி மரபிலும் தொழில்முறை இசைக் குடும்பங்களிலும் வந்த பெண்கள். இவர்கள் பாட்டைக் கேட்க ஆண்கள் போன இடங்களுக்குக் குடும்பப் பெண்கள் போகும் வழக்கம் அன்றைக்கு இல்லை. தட்டு வந்ததும் கோயம்புத்தூர் தாயியின் ஜாவளி கூடத்தில் ஒலித்தது; அடுக்களையில் இருந்தவர்களும் கேட்டார்கள். பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை, யாரும் கொடுக்காமலே அவர்களுக்கு வந்து சேர்ந்தது. இசை வரலாற்றை எழுதுபவர்கள் சபாக்களின் தோற்றத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சாகி வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைச் சுரக் குறிப்போடும் கமகக் குறியீடுகளோடும் தந்த மாபெரும் நூல் அது. இசையைத் தாளில் நிறுத்தி வைக்கும் முயற்சியும் தட்டில் நிறுத்தி வைக்கும் முயற்சியும் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. ஒரு கிருதியின் எந்தப் பாடாந்தரம் சரி என்ற பழைய சண்டைக்கு இரண்டும் புதுத் தீனி போட்டன. நூலைப் படிக்கப் பயிற்சி வேண்டும். தட்டைக் கேட்கக் காது போதும். ஆகவே பாடாந்தரச் சண்டை வித்வான்களின் வட்டத்தைத் தாண்டி ரசிகர்களிடம் வந்ததில் தட்டுக்கே பங்கு அதிகம்.

தட்டில் இருந்தது எவ்வளவு நேரப் பாட்டு? பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம். பன்னிரண்டு அங்குலத் தட்டில் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் விரியக்கூடிய ராகத்தை அரை நிமிடத்தில் கோடிகாட்டிவிட்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் மிச்ச நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாடகர்கள் காலத்தைக் கூட்டிப் பாடினார்கள், நிரவலை விட்டார்கள், சங்கதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1920களின் பிற்பகுதியில் மின்சார ஒலிப்பதிவு பரவும்வரை, வாயகன்ற குழாய்க்கு முன் உரக்கப் பாட வேண்டிய கட்டாயமும் இருந்தது. மெல்லிய குரலும் நுட்பமான வீணையும் குழாயில் தேய்ந்து போயின. கச்சேரியில் கேட்டவரும் தட்டில் கேட்டவரும் ஒரே பாடகரைப் பற்றி வேறு வேறு முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. தட்டு பாடகரின் கற்பனையை வெட்டியது. ஆனால் எதைக் கட்டாயம் வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற அவருடைய தீர்ப்பை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

கிராமபோன் பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் ஊருக்குச் சிலரே. வக்கீல் வீடு, ஜமீன் வீடு, கடை வைத்திருப்பவர் வீடு என்று ஒன்றிரண்டு இடங்களில் பெட்டி இருக்கும். மாலையில் திண்ணையில் வைத்துச் சாவி கொடுத்தால் அக்கம்பக்கம் கூடிவிடும். அன்றைய பேச்சு வழக்கில் அது பிளேட்டு கேட்பது. தனியாகக் கேட்பது பிற்காலத்து வழக்கம். இந்தக் கூட்டுக் கேட்பில், கருவியின் குறை ஒன்று பேச்சுக்கு உதவியது. ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்ப வேண்டும், முள்ளை மாற்ற வேண்டும், மறுபடி சாவி கொடுக்க வேண்டும். எஃகு முள் ஒரு பக்கத்துக்கே தேய்ந்துவிடும். மாற்றாவிட்டால் தட்டு கீறிப்போகும். அந்த ஒரு நிமிட இடைவெளியில் கேட்டவர்கள் வாய் திறந்தார்கள். மறுபடி போடச் சொன்னார்கள், அடுத்த தட்டு எது என்று சண்டை போட்டார்கள். கச்சேரியில் பாடகர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பெட்டியின் முன் தயங்காமல் சொல்ல முடிந்தது.

1920களின் பிற்பகுதியும் 1930களும் தமிழ் இசைத்தட்டின் பெருக்கக் காலம். இந்தக் காலத்தை ஆராய்ந்த ஸ்டீபன் ஹியூஸ், தென்னிந்தியாவில் வெகுமக்கள் பண்பாடு உருவானதில் கிராமபோனுக்கும் வானொலிக்கும் உள்ள பங்கைச் சினிமாவுக்கு முன்னால் வைத்துப் பேசுகிறார். தட்டுச் சந்தையைத் தூக்கி நிறுத்தியவர்கள் நாடக நடிகர்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் பாடியதைக் கேட்க முடியாத கிராமங்களுக்கும் அவர்கள் தட்டுகள் போய்ச் சேர்ந்தன. முழு நாடகத்தையே பல தட்டுகளில் பதிந்து செட்டாக விற்றார்கள். தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் கிட்டப்பா பாடிய தியாகராஜ கிருதி ‘எவரனி’, கர்நாடக இசை வாசனையே இல்லாதவர்களுக்கும் அந்த ராகத்தைப் பழக்கியது. 1933இல், 27 வயதில் அவர் மறைந்த பிறகு தட்டுகளின் மதிப்பு இன்னும் கூடியது. அவரை நேரில் கேட்ட தலைமுறையும் தட்டில் மட்டும் கேட்ட தலைமுறையும் அவருடைய மேல்ஸ்தாயியைப் பற்றிப் பல காலம் பேசின. மறைந்த ஒருவரின் குரலை வைத்து, அவரைப் பார்த்தே இராதவர்கள் அபிப்பிராயம் சொல்வது தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடந்தது கிட்டப்பாவின் விஷயத்தில்தான் என்று சொல்லலாம்.

மதுரை சண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல், பத்து வயதில் வந்தது. எம்.எஸ். என்ற பெயரைச் சபாக்கள் அறியும் முன்பே தட்டுக் கேட்டவர்கள் அறிந்திருந்தார்கள். 1932இல் ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைக் கூட்டாகத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். பின்னாளின் ஏவிஎம் படநிறுவனத்துக்கு அடித்தளம் அந்த வியாபாரம். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், பிராட்காஸ்ட் என்று கம்பெனிகள் போட்டி போட, கடைகளில் புதுத் தட்டுப் பட்டியல்கள் கிடைத்தன. வாங்கும் முன் கடையிலேயே போட்டுக் கேட்டார்கள். எதை வாங்கலாம் என்ற ஆலோசனை கடைக்காரரிடமும் பக்கத்தில் நிற்பவரிடமும் நடந்தது. காசு கொடுத்து வாங்கும் பொருளாகப் பாட்டு ஆனதும், காசுக்கு ஈடா என்ற கேள்வியும் ரசனைக்குள் வந்துவிட்டது.

இதே 1932இல் கொலம்பியா கம்பெனி வீணை தனம்மாளைப் பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயது 65. வெள்ளிக்கிழமை அறைக்குள் நுழைய முடியாதவர்கள் முதல்முறையாக அந்த வீணையைக் கேட்டார்கள். அவருடைய வாசிப்பின் நிதானமும் வேகமின்மையும் 3 நிமிடத் தட்டின் இயல்புக்கு எதிரானவை. ஆனாலும் அவர் தட்டுக்காக அவசரப்படவில்லை என்பது இன்றும் கேட்டால் புரியும். தனம்மாளைப் பற்றிய பழைய ரசிகர்களின் வியப்பு மிகையா என்று சோதிக்க விரும்பியவர்களுக்கு அந்தச் சில தட்டுகளே கதி. நேர்மாறான உதாரணம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. நாகஸ்வரத்தின் கம்பீரம் ஒலிப்பதிவுக்கு இசைந்தது. தட்டின் இரண்டு பக்கத்தில் அடங்கிய அந்த ஆலாபனை தமிழகமெங்கும் ஒலித்தது. சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக அவர் தோடி வாசித்ததைக் கேட்டவர்கள் தட்டைக் கடுகு என்றார்கள். அந்தக் கடுகு போதும் என்று சொன்ன இளைஞர்கள் நாகஸ்வரம் கற்க வந்தார்கள்.

பேச்சு பரவலானதும் அதற்கு எழுத்து வடிவம் தேவைப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளில் கச்சேரி விமர்சனம் வந்துகொண்டிருந்தது. வித்வான்கள் தங்களுக்குள் பேசியது சமஸ்கிருதமும் தெலுங்கும் கலந்த சாஸ்திர மொழியில். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, சாதாரண வாசகருக்குப் புரியும் தமிழில் இசையைப் பேசினார். சாரீரம், சுருதி, உச்சரிப்பு, பாட்டின் பொருள் ஆகியவற்றை முன்னால் வைத்தார். சபா வாசலை மிதிக்காத வாசகர்களுக்கும் அவர் எழுத்து சுவைத்ததற்கு ஒரு காரணம், அவர் குறிப்பிட்ட பாடகர்களின் குரல் அவர்களுக்குத் தட்டுகளில் முன்பே பழக்கமாகியிருந்தது. படித்துவிட்டுக் கேட்கலாம், கேட்டுவிட்டு மறுக்கலாம். எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே ஒரு சமநிலை வந்தது.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ் இசை மாநாடும், 1943இல் ராஜா அண்ணாமலை செட்டியார் முன்னின்று நிறுவிய தமிழ் இசைச் சங்கமும் கிளப்பிய விவாதம் பத்திரிகைகளை நிறைத்தது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு எவ்வளவு இடம், துக்கடாவாக மட்டும் பாடினால் போதுமா என்பது கேள்வி. கல்கி தமிழ் இசைப் பக்கம் உறுதியாக நின்றார். வித்வத் சபைகளில் இது கொள்கைச் சண்டையாக நடந்தபோது, பிளேட்டு கேட்ட வீடுகளில் தீர்ப்பு பெருமளவு முடிந்துபோயிருந்தது. தமிழ் நாடகப் பாடல்களும், டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களும், எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடல்களும் அங்கே தியாகராஜ கிருதிகளோடு ஒரே அடுக்கில் இருந்தன. சுதந்திரப் போராட்டக் காலத்தில் தேசியப் பாடல்களைத் தாங்கிய தட்டுகள் எவ்வளவு தூரம் பயணம் செய்தன என்பதைத் தியடோர் பாஸ்கரன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

தட்டைப் போலன்றி வானொலி, கேட்பவரின் கையிலிருந்து தேர்வை எடுத்துக்கொண்டது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் மூன்றே ஆண்டில் பணமின்றி நின்றது. அதன் கருவிகளைப் பெற்றுச் சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. இரவுக் கச்சேரியை ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, மறுநாள் காலை அலுவலகத்தில் பேசுவது புதுப் பழக்கம் ஆனது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையை உயர்த்துவதற்காகச் சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சி போன்றவற்றைக் கொண்டு வந்தார். கூடவே சினிமாப் பாடல்களைச் சுருக்கி ஓரங்கட்டினார். முதல் காரியம் நிலைத்த நன்மை செய்தது. இரண்டாவது, கேட்பவர்களை அப்படியே கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டது.

இலங்கை வானொலியின் ஒலிபரப்பு 1925இலேயே கொழும்பில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்பி போருக்குப் பின் அதன் வசம் வந்தது. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. அதன் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம். தமிழ் ரசிகர் பேச்சுக்கு இந்த நிலையம் செய்த தொண்டு, அது ஒலிபரப்பிய பாட்டின் எண்ணிக்கையைவிடப் பெரியது. ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர் எல்லாவற்றையும் அறிவிப்பாளர் சொன்னார். இது கண்ணதாசனா, வாலியா; இது விஸ்வநாதன்–ராமமூர்த்தியா, கே.வி. மகாதேவனா என்று டீக்கடையில் பந்தயம் கட்ட அந்த அறிவிப்புகளே ஆதாரம். டி.எம். சௌந்தரராஜன் குரலா, பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலா என்று ஆள் பிரித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார்கள். 1965இல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தபோது, எந்த மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்ற ஆராய்ச்சி நாடு முழுக்க நடந்தது. பின்னாளில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, ரசிகரின் நினைவாற்றலையே நிகழ்ச்சியாக்கியது.

இலங்கை வானொலியின் நேயர் விருப்பம் நிகழ்ச்சி இன்னொரு படி மேலே போனது. ஒரு தபால் அட்டையில் பாட்டின் பெயரும் விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களும் எழுதிப் போட்டால், ஊர்ப் பெயரோடு வானொலியில் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரும் மதுரைக்காரரும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் ஒரே பாட்டுக்காக அடுத்தடுத்து அழைக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவர்கள், சபா டிக்கெட் வாங்க வழியில்லாதவர்கள், கடிதம் எழுதித் தம் ரசனையை ஊரறியச் சொன்னார்கள். தமிழில் இசைக் கருத்து இவ்வளவு ஜனநாயகமாக வெளிப்பட்ட மேடை அதற்கு முன் இருந்ததில்லை. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலி விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. ஆனாலும் தமிழகத்தின் தென்கோடியில் பல ஆண்டுகள் கொழும்பே முதல் தேர்வு.

வீட்டுக்கு வெளியே தட்டைக் கொண்டுபோனது ஒலிபெருக்கி. சவுண்ட் சர்வீஸ்காரர் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் திருவிழாவுக்கும் தட்டுப் போட்டார். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள், எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள், பிறகு திரைப்பாட்டு என்று ஒரு வரிசை தானாக அமைந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) படங்களின் வசனத் தட்டுகளையும் பாட்டைப் போலவே கேட்டு மனப்பாடம் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எம்.ஜி.ஆர். பாட்டுக் கேட்க, பெண் வீட்டார் சிவாஜி பாட்டுக் கேட்க, நடுவில் அகப்பட்ட சவுண்ட் சர்வீஸ்காரர் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தது பல ஊர்களின் அனுபவம்.

சாஸ்திரிய இசையும் திரையிசையும் ஒரே தட்டில் சந்தித்தபோது பேச்சு சூடு பிடித்தது. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி ஆபேரியில் பாடிய ‘சிங்காரவேலனே தேவா’ இதற்கு நல்ல உதாரணம். குரல் நாகஸ்வரத்துக்கு இணையாக ஏற முடியுமா என்ற கேள்வியே அந்தப் பாட்டைக் கேட்கச் செய்தது. ஆபேரி என்ற பெயர் சினிமாக் கொட்டகை ரசிகர்களின் நாவில் புழங்கியது.

நீண்ட நேரத் தட்டான எல்.பி. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தந்தது. ராகத்தை அவசரமில்லாமல் விரிக்க இடம் கிடைத்தது. தனித்தனிப் பாட்டைப் பற்றிப் பேசியவர்கள், தொகுப்பின் வரிசையையும் பக்கவாத்தியத்தையும் ஒலிப்பதிவின் தரத்தையும் பேசத் தொடங்கினார்கள். உறையின் பின்பக்கக் குறிப்புகளைப் படித்து ராகம், தாளம், இயற்றியவர் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வந்து, கோயிலுக்கும் டீக்கடைக்கும் பொதுவான விடியல் ஒலியாயிற்று.

இதே காலத்தில் வணிகத்துக்கு வெளியே ஒரு தனி உலகம் வளர்ந்தது. ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள் வானொலிக் கச்சேரிகளையும், அனுமதி பெற்றுச் சபாக் கச்சேரிகளையும் பதிவு செய்தார்கள். ஜி.என். பாலசுப்ரமணியம், மதுரை மணி ஐயர், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகியோரின் முழுக் கச்சேரிகள் இன்று கேட்கக் கிடைப்பதில் இவர்கள் பங்கு மிகப் பெரியது. டேப்புகள் பண்டமாற்றாகக் கைமாறின. உங்களிடம் உள்ள மணி ஐயரின் காபி எனக்கு, என்னிடம் உள்ள ஜி.என்.பி.யின் காம்போதி உங்களுக்கு என்பது கணக்கு. கச்சேரி நடந்த ஊர், பக்கவாத்தியம், ஆண்டு ஆகியவற்றை அட்டையில் எழுதி வைத்தார்கள். ஒரே வித்வான் ஒரே ராகத்தை வெவ்வேறு வயதில் எப்படிக் கையாண்டார் என்று ஒப்பிடும் அரிய வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. தமிழ் ரசிகர் பேச்சு மிக நுட்பமாக இருந்தது இந்தச் சிறிய வட்டங்களில்தான். பெயரோ பணமோ எதிர்பாராமல் அவர்கள் காப்பாற்றியதற்கு இசையுலகம் பட்ட கடன் பெரிது.

அச்சில் இக்காலத்தின் பெரிய குரல் சுப்புடு என்ற பி.வி. சுப்ரமணியம் (1917–2007). பர்மாவில் வளர்ந்து, போர்க்காலத்தில் இந்தியா வந்து, டெல்லியில் அரசுப் பணி பார்த்தபடி விமர்சனம் எழுதினார். டிசம்பர் சீசனில் அவர் எழுத்தைப் படித்துவிட்டே கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு. அவரோடு சண்டை போடுவதற்காகவே போனவர்களும் உண்டு. 1983 அக்டோபரில் என். பட்டாபிராமன் சென்னையிலிருந்து தொடங்கிய ‘ஸ்ருதி’ ஆங்கில மாத இதழ், இசையையும் நடனத்தையும் பற்றி விரிவான கட்டுரைகளையும் நேர்காணல்களையும் தந்து இந்தப் பேச்சுக்கு ஆவண மதிப்பு கொடுத்தது.

1980களில் கேசட் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டு வந்த டூ-இன்-ஒன் பெட்டிகள் கிராமங்களில் நுழைந்தன. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் பாடல்கள் இந்த அலையில் மிதந்தன; எக்கோ கம்பெனி அவற்றில் பலவற்றைத் தட்டிலும் கேசட்டிலும் வெளியிட்டது. கடைவீதிதோறும் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்றுக் கேசட் வாங்கி, ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்கு மேல் அடங்குவது கடினம். 90 நிமிடத்தில் இருபதை நெருங்கலாம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, ஏ பக்கம் எதில் தொடங்குவது என்று நண்பர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பட்டியலைப் பார்த்த கடைக்காரர், “தம்பி, இதே படத்துல இன்னொரு பாட்டு இருக்கு, யாரும் கேக்குறதில்ல, போட்டுத் தர்றேன் கேட்டுப் பாருங்க” என்பார். ஹிட் ஆகாத நல்ல பாடல்கள் பல உயிர் பிழைத்தது இந்த ஆலோசனையால். அந்தக் கடைக்காரர்களில் பலர் எந்தப் பத்திரிகை விமர்சகருக்கும் குறையாத காது கொண்டவர்கள். சட்டப்படி பார்த்தால் பதிப்புரிமை மீறல். ரசனையின் வரலாற்றில் அது ஒரு பெரிய பள்ளிக்கூடம்.

தனியார் பேருந்துகளும் இந்தப் பேச்சில் சேர்ந்தன. நல்ல கேசட் போடும் பேருந்துக்காகக் காத்திருந்து ஏறியவர்கள் கொங்குநாட்டிலும் மதுரை வட்டாரத்திலும் அநேகம். ஓட்டுநரின் தேர்வைப் பயணிகள் புகழ்ந்தார்கள், திட்டினார்கள், அடுத்த நாள் தங்கள் கேசட்டைக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

1985இல் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ சாஸ்திரிய ரசிகர்களையும் திரையிசை ரசிகர்களையும் ஒரே வாதத்துக்குள் இழுத்தது. காம்போதியில் அமைந்த தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கிருதியை இளையராஜா சாரமதியில் அமைத்து, நாட்டுப்புற மெட்டில் தொடங்கும் ‘பாடறியேன்’ பாட்டோடு இணைத்தார். வாக்கேயக்காரர் தேர்ந்த ராகத்தை மாற்றலாமா என்று பாரம்பரிய ரசிகர்கள் கொதித்தார்கள். மாற்றியதால்தான் அந்தக் கிருதியைக் கேட்டோம் என்றார்கள் மற்றவர்கள். ராகம் மாறியதைக் கண்டுகொள்ளும் அளவுக்குச் சாதாரண ரசிகரும் பேசினார் என்பதே கவனிக்க வேண்டியது. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக அமைந்த வாத்திய இசைத் தொகுப்பு; வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. படமும் வரிகளும் இல்லாத இசையைத் தமிழர்கள் ஒரு முழுத் தொகுப்பாக எடுத்துக்கொண்டு, எந்த உருப்படி எதற்குப் பின் வருகிறது, ஏன் வருகிறது என்று பேசியதில் இந்த இரண்டுக்கும் தனி இடம் உண்டு.

1992இல் ‘ரோஜா’ வந்தபோது கேசட்டோடு சி.டி.யும் போட்டியில் இருந்தது. ஒலியின் துல்லியம், தாள வாத்தியத்தின் அடிநாதம், இடது வலதாகப் பிரியும் கருவிகள் ஆகியவை ரசிகர் பேச்சில் புதிய சொற்களாயின; ஏ.ஆர். ரகுமானா இளையராஜாவா என்ற வாதத்தில் பாதி, ஒலிப்பதிவைப் பற்றிய வாதமாகவே இருந்தது. 1990களின் இறுதியில் நூறு பாட்டுக்கு மேல் அடங்கிய எம்.பி.3 தட்டுகள் நடைபாதைகளில் விற்பனைக்கு வந்தன. பன்னிரண்டு பாட்டைத் தேர்ந்தெடுக்கும் தேவை போயிற்று. பட்டியல் எழுதிய தாள்கள் குறைந்தன. ரெக்கார்டிங் சென்டர்கள் ஒவ்வொன்றாகச் செல்போன் கடைகளாக மாறின.